ஒருவர் மட்டும் உட்காரும் மோட்டார்

என் வீட்டுக்காரர் ஒரு மோட்டாரை, அதாவது மோட்டார் சைக்கிளை, தன் கையாலேயே கட்டினார். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் அவரைப் பெருமையாகப் பார்ப்பார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, இப்படி ஒரு கெட்டிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று யோசிப்பார்கள். அந்த முகத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் பிட்டர். இலை உருட்டும் இயந்திரம் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரத் துரை காலத்து இயந்திரம் அது. சரியான இடத்தில் ஓர் அடி விழுந்தால் மறுபடி ஓடும். அந்த இடம் அவருக்குத் தெரியும். அதனால் உலகத்தில் இருக்கிற எல்லா இயந்திரங்களின் அந்தரங்கமும் தனக்குத் தெரியும் என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். எங்கள் வீட்டு ரைஸ் குக்கரும் ஒரு நாள் அப்படி ஓர் அடி வாங்கியது. அதன் பிறகு நாங்கள் பானையில்தான் சோறு வடிக்கிறோம்.

அவருக்குக் கைப்பேசியில் ஒரு குரு கிடைத்தார். வெள்ளைக்காரர், நெஞ்சு வரைக்கும் தாடி, கையெல்லாம் பச்சை குத்தியிருந்தார். பின்னால் ஒரே பாலைவனம். வீடு மாதிரி பெரிய கொட்டகையில் நின்றுகொண்டு, பெட்டியில் வந்த உதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டுவார். முன் சக்கரம் எங்கேயோ தூரத்தில் இருக்கும், கைப்பிடி கொம்பு மாதிரி மேலே நிற்கும், சீட் தரையைத் தொடுகிற உயரத்தில் இருக்கும். கடைசியில் அதில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணுக்கு எட்டின வரை நேராக ஓடும் ரோட்டில் போவார். என் வீட்டுக்காரர் சோறு ஆறிப்போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

மலேசியாவில் எங்கள் கேமரன் மலையில் நேரான ரோடு என்று ஒன்று கிடையாது. தானா ராத்தா டவுன் கடைத்தெருவில் கொஞ்ச தூரம் உண்டு, அதிலும் டூரிஸ்ட் பஸ் நிற்கும். இதை நான் அவரிடம் சொன்னேன். அவர் கைப்பேசியைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தார்.

ஒரு நாள், அந்த மாதிரி மோட்டாரை நாமே கட்டிக்கொள்ள ஒரு கிட் விற்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். சட்டம், டேங்க், சக்கரம், சீட் எல்லாம் பெட்டியில் வீட்டுக்கே வந்துவிடும். இஞ்சின் மட்டும் வராது. அதை நாம் போட்டுக்கொள்ள வேண்டும்.

"ஒன் மோட்டரு இஞ்சின் அதுக்கு கரெக்டா ஒக்காரும் புள்ள. அளந்து பாத்துட்டேன் லா," என்றார்.

என்னிடம் கேட்பதற்கு முன்பே அளந்திருக்கிறார். அதை அப்போதே நான் கவனித்திருக்கலாம்.

என் மோட்டார் ஒரு கப்சாய். இங்கே பாதிப் பேர் ஓட்டுகிற சின்ன மோட்டார்தான், பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அது என் சம்பளத்தில் வாங்கியது. கிராண்ட் என்று நாங்கள் சொல்லும் உரிமை அட்டையில் என் பெயர் இருந்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், தானே மோட்டார் ஓட்டி டவுனுக்கு வேலைக்குப் போன முதல் பெண் நான். அதற்காக நான் வாங்கின பேச்சைத் தனியாக எழுதலாம், இன்னும் மறக்கவில்லை.

வேலை, தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கிற பகுதியில். விடியும்போது அங்கே இருக்க வேண்டும். எங்கள் லயமோ பெரிய ரோட்டிலிருந்து வெகு தூரம் உள்ளே இருக்கிறது. தோட்டத்து லோரி வெயில் வந்த பிறகுதான் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும். ஆகவே அந்தக் கப்சாய் இருந்தால் எனக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து வெட்டப் போக வேண்டியதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் இருந்தால் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஹோட்டலிலும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவில் அந்த மோட்டாரில் போகிற நேரத்தில் என்னிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். பனி முகத்தில் அடிக்கும், மூக்கு ஒழுகும், நான் பாட்டுக்குப் பாடிக்கொண்டு போவேன். அந்த நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

"இஞ்சின எடுத்துட்டா நா வேலைக்கு எப்படிப் போறது?" என்று கேட்டேன்.

"லோரி இருக்குல்ல. கொஞ்ச நாளைக்குத்தான். தீபாவளிக்குள்ள முடிஞ்சிரும். அப்பறம் ரெண்டு பேருக்கும் அந்த மோட்டருதான். ஷோக்கா போலாம்."

எந்தத் தீபாவளி என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. ரெண்டு பேருக்கும் என்றாரே, அதில் மயங்கிவிட்டேன்.

பெட்டிகள் வந்தன. அவற்றை டவுனிலிருந்து ஏற்றி வந்தவர் என் அண்ணன். தோட்டத்து லோரி ஓட்டுகிறவர், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். இனி வரும் எல்லாவற்றிலும் அவருக்குப் பங்கு உண்டு. என் வீட்டுக்காரர் ஒரு தப்புச் செய்ய யோசித்தால், அதை ஏற்றி இறக்க லோரியோடு வந்து நிற்பார்.

அந்த வெள்ளைக்காரரிடம் இருந்த கொட்டகை எங்களிடம் இல்லை. வெளியே எப்போதும் மழை, இல்லாவிட்டால் பனி. அதனால் வேலை எங்கள் முன்னறையில் தொடங்கியது. மகள் ஈப்போவில் படிக்கப் போய்விட்டதால் இடம் இருக்கிறது என்றார்கள். சோபா செட் கொல்லைப்புறத்து ஓட்டுக்கடியில் போனது. டிவியின் மேல் பிளாஸ்டிக் பை போர்த்தினார்கள். சாமி மேடைக்கு நேர் கீழே என் கப்சாயைப் படுக்கப் போட்டு, சாமி பார்க்கப் பார்க்க இஞ்சினைக் கழற்றினார்கள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பெட்டியோடு வந்த வழிகாட்டித் தாள் முழுக்கச் சீன எழுத்து. அதைத் தூக்கிக்கொண்டு இருவரும் லெம்பா பெர்த்தாமுக்குப் போனார்கள். அங்கே காய்கறித் தோட்டம் வைத்திருக்கிற சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்போம், அண்ணனுக்குப் பழக்கம். நானும் லோரியில் ஏறிக்கொண்டேன், கோஸ் மலிவாகக் கிடைக்கும் என்று. தவுக்கே பூட்ஸ் சேற்றோடு படியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்பக்கம் பின்பக்கம் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். இவர்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் தவுக்கே கண்ணாடியைக் கழற்றிவிட்டு மலாயில் ஒரே ஒரு வரி சொன்னார். இதைத் தொழில் தெரிந்த ஆளை வைத்துப் பூட்டச் சொல்லிப் போட்டிருக்கிறது என்றார்.

"அதான் நா இருக்கேனே," என்றார் என் வீட்டுக்காரர்.

தவுக்கே அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, நான் கேட்காமலே ஒரு கோஸ் அதிகமாகப் போட்டார்.

அடுத்த மாதங்களில் என் வீட்டு முன்னறை ஒரு சத்திரம் ஆயிற்று. சாயங்காலம் ஆனால் லயத்து ஆண்கள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் குந்திக்கொள்வார்கள். தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதை அடைக்காதவர், கதவுக் கீலுக்கு எண்ணெய் விடாதவர், எல்லாருக்கும் மோட்டாரைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. போல்ட்டை இந்தப் பக்கம் திருப்பு என்பார் ஒருவர், அந்தப் பக்கம் என்பார் இன்னொருவர். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து அது உடைந்த பிறகு, பாராங் சரியில்லை, மட்டமான சரக்கு என்று எல்லாரும் ஒற்றுமையாகச் சொல்வார்கள். அவர்களுக்கெல்லாம் டீ போட்டது யார் என்று நான் எழுதத் தேவையில்லை.

நான் இருட்டில் எழுந்து, கையில் டார்ச்சோடு தேயிலைக்கு நடுவே நடந்து, பெரிய ரோட்டுக்குப் போவேன். கோலா தெர்லாவிலிருந்து வருகிற காய்கறி லோரி ஏதாவது நிற்கும். கோஸ் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து தானா ராத்தாவில் இறங்குவேன். நின்றால் சரியான நேரம், நிற்காவிட்டால் தாமதம். ஹோட்டல் முழுக்க வாசனைத் தூள் மணக்கும்போது நான் மட்டும் கோஸ் மணப்பேன். கூட வேலை செய்கிற பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். என் மேற்பார்வையாளர் அம்மா நல்லவர், அவர் கொஞ்ச நாள் ஒன்றும் சொல்லவில்லை.

தீபாவளி வந்தது. முன்னறையில் மோட்டார் இருந்ததால் விருந்தாளிகள் அடுப்படியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றார்கள். பொங்கலுக்குள்ள என்றார். பொங்கலும் வந்து போனது. தைப்பூசத்துக்குள்ள என்றார். முருகனுக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் ஒரு நாள் சீட்டைப் பூட்டினார்கள். கறுப்புத் தோல், தட்டு மாதிரி ஒன்று. பூட்டிவிட்டு இருவரும் தள்ளி நின்று ரசித்தார்கள். நான் டீ டம்ளரோடு நின்று பார்த்தேன். சீட்டுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, நேரே சக்கரம்தான்.

"நா எங்க ஒக்காரது?" என்றேன்.

இருவரும் அந்தச் சீட்டைப் பார்த்தார்கள். இத்தனை மாதமாக அந்த முன்னறையில் வந்து குந்திய ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

"இந்த டைப்புக்கு ஒரு சீட்டுதான் அழகு," என்றார் வீட்டுக்காரர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நீ கொஞ்ச நாளைக்கு லோரில போலாம்ல?"

"வேணாம். என் மோட்டர பழையபடி பூட்டிக் குடுங்க. எனக்கு இந்த அழகு வேணாம்."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார். என் அண்ணன் கூரையைப் பார்த்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம், அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"அண்ணே, என் மோட்டரு பாடி எங்க?"

"எடம் அடச்சிக்கிட்டு இருந்திச்சி தங்கச்சி," என்றார் அண்ணன். "மச்சான்தான் சொன்னாரு. பழைய இரும்புக்காரன் வந்தான், ஏத்தி விட்டுட்டேன்."

என் கப்சாயின் சட்டம், கூடை, நான் மழைக்கோட்டு மாட்டுகிற கொக்கி, எல்லாம் பழைய இரும்போடு போய்விட்டது. நான் கத்தவில்லை. டம்ளர்களைக் கழுவினேன். பிறகு குளிக்கிற அறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், துக்கத்தில் இல்லை. அன்று முதல் நிபுணர்களுக்கு டீ கிடையாது என்று அறிவித்தேன். மறுநாளே கூட்டம் பாதியாகக் குறைந்தது. மோட்டார் மேல் இருந்த ஆர்வத்தில் பாதி என் டீ மேல் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த வாரமே மேற்பார்வையாளர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாவமாத்தான் இருக்கு. ஆனா அடுத்த மாசத்திலேருந்து ஒரு நாள் லேட்டுன்னாலும் வேற ஆளத்தான் போடணும். என்னைய கேக்குறாங்க," என்றார். வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். வீட்டுக்காரர் உண்மையிலேயே பதறிவிட்டார்.

"பெயிண்ட் மட்டுந்தான் பாக்கி. சீக்கிரம் முடிச்சிர்றேன்," என்றார்.

அவர் அப்படிச் சீக்கிரம் முடிக்கப் போனதுதான் அடுத்த கூத்து.

டேங்குக்குக் கறுப்பு வண்ணம் அடித்தார். பாலைவனத்தில் அது ஒரு மணி நேரத்தில் காயும். எங்கள் ஊரில் துவைத்த துணியே மூன்று நாள் தொங்கும். அவர் அடித்த கறுப்பு காயவே இல்லை. பனி பட்டுக் கொப்புளம் கொப்புளமாக வந்தது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார், மறுபடி கொப்புளம். அப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தோட்டத்தில் சூடான காற்று எங்கே வீசுகிறது? தொழிற்சாலை மாடியில், இலை வாட்டுகிற தொட்டிகளில். கொழுந்தைப் பரப்பி, கீழேயிருந்து சூட்டுக் காற்றை ஊதி வாட்டுகிற இடம் அது. அங்கே ஓர் ஓரத்தில் டேங்கை மாட்டிவிட்டால் மறுநாள் பளபளவென்று இருக்கும்.

மாட்டினார். டேங்க் காய்ந்தது. அந்தக் காற்றில் தொட்டி தொட்டியாகக் கிடந்த கொழுந்தும் வாடியது.

எங்கள் இப்போதைய துரை தமிழர்தான். ஆனாலும் துரை துரைதான், அரைக்கால் சட்டையும் நாயும் உண்டு. தினமும் தேநீரை வரிசையாக ஊற்றி வைத்து, ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்புவது அவர் வேலை. அன்றைக்கு ஒரு கிண்ணத்தை உறிஞ்சியவர் இரண்டு தடவை துப்பினாராம். பிறகு பிட்டரைக் கூட்டி வரச் சொன்னாராம்.

"இந்த டீல பெயிண்ட் வாசம் ஏன் வருது?" என்று துரை கேட்டிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். அது அவரிடம் எனக்குப் பிடித்த குணம், அன்றைக்குத் தவிர. கறுப்பு டேங்கைப் பற்றி ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டார். அந்தத் தேயிலைத் தூள் முழுவதையும் உரக்குழியில் கொட்டினார்கள். அவரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை, இயந்திரத்தை அடிக்கத் தெரிந்தவர் வேறு ஆள் இல்லையே. ஆனால் துரை கோபம் ஆறும் வரைக்கும் மலையில் மருந்தடிக்கிற ஆட்களோடு போகச் சொல்லிவிட்டார். இயந்திரம் நின்றால் மட்டும் கீழே கூப்பிடுவார்கள். மறுநாள் காலையில் முதுகில் மருந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு அவர் லோரியில் ஏறியதை நான் சன்னலில் நின்று பார்த்தேன். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

காய்ந்த டேங்கின் மேல் கொழுந்து முடியும் தூசியும் ஒட்டிக்கொண்டு அது கம்பளிப்பூச்சி மாதிரி இருந்தது. அதையும் சுரண்டினார். எங்கள் மழையைத் தாங்குகிற வண்ணம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. லயத்துக் கதவுகளுக்கு அடிக்கத் தோட்டத்து ஆபிஸில் கொடுக்கிற பச்சை. எங்கள் வீட்டுக் கதவுக்கு என்று வந்த டின்னைத் திறந்து மோட்டாருக்கு அடித்தார். டேங்க், சட்டம், மட்காட் எல்லாம் பச்சை. மீந்ததில் கதவுக்குப் பாதிதான் வந்தது. இன்றைக்கும் எங்கள் கதவு இடுப்புக்குக் கீழே பச்சை, மேலே பழைய வெளுப்பு.

தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டி, மருந்து டாங்கி, கழிப்பறைக் கதவு எல்லாம் அதே பச்சைதான். மோட்டாரை முதன்முதலாக வாசலில் இறக்கி வைத்தபோது வழியில் போன ஒரு பெண் நின்று பார்த்தாள்.

"புதுசா வந்த மருந்து மெஷினாக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

பிறகு அவர் கிளப்பினார். இஞ்சின் இருமியது, நின்றது, மறுபடி இருமியது, ஓடத் தொடங்கியது. குளிரில் கிளம்பும்போது என் கப்சாய் அப்படித்தான் இரண்டு தடவை இருமும். அந்தப் பச்சைச் சட்டத்துக்குள்ளிருந்து அதே சத்தம் வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கையில் பச்சை ஒட்டிக்கொண்டது.

சொந்தமாகக் கட்டிய மோட்டாரைப் பெரிய ரோட்டில் ஓட்டக் கூடாது, பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது, அந்த வெள்ளைக்காரருக்குத் தவிர. அதனால் தோட்டத்து ரோட்டில்தான் ஓட்டலாம். அதுவும் உடனே முடியாது. எங்கள் லயத்து நுழைவில் முனியாண்டி கோயில் இருக்கிறது. சைக்கிளாக இருந்தாலும் லோரியாக இருந்தாலும், முனியாண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் ஒருவரும் ஓட்ட மாட்டார்கள். கைப்பேசி குரு சொல்வதை எல்லாம் நம்பினாலும், இந்த விஷயத்தில் என் வீட்டுக்காரர் முனியாண்டி பக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூஜை. மறுநாள் திங்கள், புது மாதம், மேற்பார்வையாளர் அம்மா சொன்ன கெடு தொடங்குகிற நாள். லயமே கூடியிருந்தது. வீட்டுக்காரர் தலைக்கு எண்ணெய் வைத்து, வேட்டி கட்டி, கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார். அண்ணன் மாலை வாங்கி வந்து கைப்பிடியில் போட்டார். கைப்பிடி உயரமாக இருந்ததால் அது தூக்கில் தொங்குவது போல இருந்தது. பூசாரி வார நாட்களில் தொழிற்சாலையில் மூட்டை தைக்கிறவர். பெயிண்ட் வாசம் அடித்த தூளை மூட்டை தைக்காமல் தப்பித்தவர். அவர் தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார்.

"வண்டி யாரு பேர்ல இருக்கு? பேரும் நட்சத்திரமும் சொல்லுங்க."

வீட்டுக்காரர் தன் பெயரைச் சொன்னார், நட்சத்திரத்தையும் சொன்னார். பூசாரி வாயைத் திறக்கும் முன் நான் முன்னால் போனேன்.

"கிராண்ட் என் பேர்ல இருக்குங்கய்யா," என்றேன். "இஞ்சின் நம்பரு என்னோடது."

பூசாரி கையைத் தாழ்த்தினார்.

"மீதி எல்லாம் நா வாங்கினது லா," என்றார் வீட்டுக்காரர். "இஞ்சின் மட்டுந்தான்..."

"இஞ்சின் இல்லாம ஓடுமா?" என்றார் பூசாரி.

"ஓடாது."

"அப்ப இந்தப் பிள்ளை பேர்லதான் அர்ச்சனை. அவங்க வண்டிக்கு ஒங்க பேர சொல்லி வச்சிட்டு, நாளைக்கு வளைவுல ஒண்ணு ஆச்சுன்னா முனியாண்டி யாரத் தேடி வருவாரு? கொழப்பம் வேணாம்."

துரையிடம் கூடப் பேசிப் பார்ப்பார்கள், முனியாண்டியிடம் கணக்கைக் குழப்ப எங்கள் லயத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. பூசாரி என் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொல்லி அர்ச்சனை செய்தார். சந்தனம் வைத்தார். இரண்டு சக்கரத்தடியிலும் பழம் வைத்தார். யார் பேரில் பூஜையோ அவர்தான் ஏறிப் பழத்தை நசுக்க வேண்டும், அதுவும் வழக்கம்தான்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். சீட் ஒருவருக்கு மட்டும் என்றாலும் அந்த ஒருவருக்குத் தாராளமாக இருந்தது. கால் வைக்கிற கட்டை எங்கேயோ முன்னால் இருந்தது. கையை மேலே தூக்கிப் பிடித்தேன், துணி காயப் போடுகிறவள் மாதிரி இருந்திருப்பேன். கிளப்பினேன். இரண்டு தடவை இருமியது. பழம் நசுங்கியது.

அங்கேயே நிறுத்தி இறங்கி, வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்க வேண்டும். கூட்டம் அதைத்தான் எதிர்பார்த்தது. நான் நிறுத்தவில்லை. பனி முகத்தில் அடித்தது, என் இஞ்சின் என் காலுக்கு நடுவே சூடாக ஓடியது, பின்னால் இரண்டு ஆண்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பாடினேன் என்று கூட ஞாபகம்.

முதல் கொண்டை ஊசி வளைவு வரைக்கும்தான். முன் சக்கரம் அவ்வளவு தூரத்தில் இருக்கிற மோட்டார் அந்த வளைவில் திரும்பாது. தேயிலைச் செடியில் முட்டி நின்றேன். இறங்கி, பின்னால் தள்ளி, முன்னால் தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருந்தபோது இருவரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்காரரின் கறுப்புக் கண்ணாடி வழியில் எங்கேயோ விழுந்திருந்தது.

"எறங்கு புள்ள, நா ஓட்டிக் காட்டுறேன்," என்று கைப்பிடியைப் பிடித்தார்.

"ஒங்க பேர்ல பூஜை இல்லியே," என்றேன்.

அவர் கையை எடுத்துவிட்டார். நான் சொன்னதற்காக அல்ல. கோயில் இருக்கிற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்.

"நாளைக்கு எனக்கு வேல. பெரிய ரோடு வரைக்கும் இதுலதான் போவேன்," என்றேன்.

"அப்ப நா?"

"லோரி இருக்குல்ல."

அண்ணன் வானத்தைப் பார்த்தார். அங்கே கூரை இல்லை.

திங்கட்கிழமை நான் சரியான நேரத்துக்குப் போனேன். இன்று வரைக்கும் போகிறேன். தோட்டத்து ரோடு முழுவதும் அந்தப் பச்சை மோட்டாரில், ஒவ்வொரு வளைவிலும் இறங்கி ஏறி. பெரிய ரோட்டு முனையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, அங்கிருந்து காய்கறி லோரி. நடந்து போகிற நேரம் மிச்சமானதால் இப்போது ஒரு லோரி நிற்காவிட்டாலும் அடுத்ததற்குக் காத்திருக்க முடிகிறது. கோஸ் வாசம் மட்டும் போகவில்லை, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளைகள் என்னைப் பார்த்து, மருந்து மெஷின் வருது, மருந்து மெஷின் வருது என்று வழிவிடுவார்கள். டவுனிலிருந்து வருகிற டூரிஸ்டுகள் மட்டும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதைக் கட்டியது யார் என்று கேட்டால் நான் மறைப்பதில்லை, என் வீட்டுக்காரர் என்று சொல்கிறேன்.

துரை கோபம் ஆறி அவரைத் தொழிற்சாலைக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மோட்டாரைத் துடைப்பார், எண்ணெய் விடுவார், செயின் பார்ப்பார். சீட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். போன வாரம் துடைத்து முடித்துவிட்டு, துணியை மடித்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"எம்பேர்லயும் ஒரு பூஜை போட்டுட்டு, நா ஒரே ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துர்றனே. எப்ப குடுப்ப?"

கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. இவ்வளவு ஆசையோடு கட்டியவர்.

"தீபாவளிக்குள்ள தர்றேன்," என்றேன்.

"எந்தத் தீபாவளி?" என்று அவர் உடனே கேட்டார்.